மலைச் சீத்தா, ஒட்டுச் சீத்தா

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று தொடக்கம். காலை எட்டுக்கே மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை. சிலிண்டர் பதிவு செய்யணும். ரவிக்கை இரண்டு தைக்கக் கிடக்கிறது. விடைத்தாள் திருத்திவிட்டு வந்த கழுத்துவலி இன்னும் போகவில்லை.

தோட்டம் போனேன். நாற்பத்தெட்டு ஒட்டுச் சீத்தா. நாலாவது வயது. கிளைக்குக் கிளை பூ, மரத்தடியில் பாய் விரித்தாற்போல் உதிர்ந்த பூ. பிஞ்சு பூஜ்யம். போன வருடம் மொத்தமே மூன்று பழம், அதிலும் ஒன்று கோணல்.

மூத்தார் (இவருடைய அண்ணன். இனி மூ. என்று எழுதுகிறேன், கை வலிக்கிறது) களத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். கோணி ஊசி, பச்சை நூல். தலை நிமிராமலே பேசினார்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள மரத்துல காய் தெரியணும்மா. இல்லன்னா பொக்லைன் சொல்லிடுவேன். சவுக்கு போட்டா அது பாட்டுக்கு வளர்ந்துக்கினு போவும்."

சரி மாமா என்றேன். வேறென்ன சொல்ல? நிலத்தில் பாதி அவருடையது. மரம் வைத்த யோசனை முழுக்க என்னுடையது. ஊரில் எல்லாரும் கரும்பு, மல்லாட்டை, சவுக்கு என்றிருக்க, பெங்களூரிலிருந்து ஒட்டுக்கன்று வரவழைத்தவள் நான். "டீச்சர் வைத்த மரம்" என்று பஸ்ஸில்கூடப் பேசுகிறார்கள். பேசும் தொனி நல்ல தொனி இல்லை.

இவர் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் வந்து இறங்கியதும் சொன்னேன். "அண்ணன் சொல்றதுலயும்..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார்.

ஒரு மரத்தையும் பிடுங்க விட மாட்டேன்.

மே 6, செவ்வாய்

நேற்றும் இன்றும் ஒரே பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினேழாம் மரம், தெற்குக் கிளை. பிளாஸ்க், தொப்பி, லென்ஸ், இந்த நோட்டு.

நேற்று காலை 7: இதழ் மூன்றும் பாதி திறப்பு. உள்ளே சூலகமுடி பளபள, பிசுபிசு. சுற்றி மகரந்தப்பை எல்லாம் இறுக்கி மூடி, கல்.
நேற்று மாலை: அப்படியே.
இன்று காலை: பளபளப்பு போச்சு.
இன்று மாலை 4.40: இதழ் மலர விரிந்தது. மகரந்தப்பை சாம்பல் நிறம், தொட்டால் தூள். நடுவில் சூலகமுடி காய்ந்து உதிர்ந்தேவிட்டது.

முதல் நாள் பெண். இரண்டாம் நாள் ஆண். ஒரே பூ, ஆனால் தன்னைத் தானே ஒருநாளும் சந்திக்காத பூ.

பெண் முன்முதிர்வு. பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல், முதல் பாடம். பதினான்கு வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். எடுத்துக்காட்டு தருக என்று பிள்ளைகளை நிற்கவைத்துக் கேட்கிறேன். சொந்தத் தோட்டத்தில் நாற்பத்தெட்டு எடுத்துக்காட்டு நின்றுகொண்டிருந்தது. உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று நாலு வருடம் குழியைக் கிளறினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. மரத்தடியில் தனியாகச் சிரித்தேன். வரப்பில் போன யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

ஆக வேலை: மாலையில் விரிந்த பூவிலிருந்து தூள் எடுக்கணும். மறுநாள் காலை ஏழுக்குள் பாதி திறந்த பூவில் தூரிகையால் தடவணும். அவ்வளவுதான்.

திண்டிவனத்தில் வாங்கிய நாலாம் நம்பர் தூரிகை வீட்டிலேயே இருக்கிறது. தூளும் எடுத்துக் காகிதக் கவரில் போட்டாயிற்று. தூள் எடுத்து முடிக்கும்போது சூரியன் போய்விட்டது. விளக்கு வைத்தபின் சாப்பிடும் வழக்கம் எங்கள் ஜைன வீட்டில் இல்லை. பட்டினி. பரவாயில்லை.

மே 7, புதன்

எரிச்சல்.

காலை ஆறரை, கவரும் தூரிகையுமாக முதல் மரத்தடியில் நான். மூ. வந்தார். தூரிகையை வாங்கிப் பார்த்தார். காம்பில் பொடி எழுத்து. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"இது அணில் முடிம்மா."

தூரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

தோல் செருப்பு சேர்க்காத வீடு. தேன் சேர்க்காத வீடு. கேசரிக்குக் கலர் வாங்கினால்கூட எதில் செய்தது என்று பார்க்கிற வீடு. எந்த அணில் செத்ததோ, அதன் முடியை இரண்டு வருடமாக மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். படம் வரைந்தேன். பார்க்கத் தோன்றவே இல்லை.

யாருக்குத் தெரியப் போகிறது, இன்று ஒரு நாள் தடவிவிடலாம் என்று ஒரு நிமிடம் நின்றேன். முடியவில்லை. மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். அன்றன்றைக்குத் திறக்கும் பூ அன்றன்றைக்குத்தான். நேற்று எடுத்த தூள் அத்தனையும் வீண்.

அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

மே 8, வியாழன்

திண்டிவனம். ஃபேன்சி ஸ்டோர். கண்மை தீட்டும் சின்னத் தூரிகை. இது முடியா, நைலானா என்று கேட்டேன். கடைப்பெண் "வாட்டர்ப்ரூஃப்க்கா" என்றாள். இரண்டு வாங்கினேன். கடை வாசலிலேயே ஓர் இழையைப் பிடுங்கித் தீக்குச்சி வைத்தேன். முடி என்றால் நாறும், பொசுங்கும். இது உருகி முத்தாக நின்றது. நைலான். கடைப்பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "யக்கா, இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்றாள். இன்னும் நாலு தூரிகை கொடு என்றேன்.

பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ: "சவுக்குக்கு இன்னா கவலை, வச்சமா வந்தமா." முன் ஜென்மப் பாவம், காதில் விழுந்தது.

மாலை தூள் எடுத்தேன். பசி.

மே 9, வெள்ளி

காலை 6.15 முதல் 7.40 வரை. அறுபது பூ. எல்லாம் எங்கள் மரத்துத் தூளே. ஒவ்வொரு காம்பிலும் சிவப்புத் தையல் நூல் கட்டினேன். கழுத்து ஒடிகிறது.

செல்லம்மா வந்தாள். பக்கத்துக் காலனி, என் வயதுதான், ஆடு மேய்க்கிறாள். சீத்தாப்பழக் காலத்தில் மேற்கே பாறைக் குன்றில் தானாக முளைத்த மரங்களில் பறித்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கூறு கட்டி விற்பாள். வேலிக்கு வெளியே நின்று நான் செய்வதையெல்லாம் பார்த்தாள். எங்கள் மரத்துக்கு ஏன் காய்ப்பில்லை என்று அவளாகவே சொன்னாள்.

"ஆடு ஓட்டிக்கினு போறப்பல்லாம் பாக்கறேன் டீச்சர். கூட்டிக் கூட்டி கோயில் பிராகாரம் மாதிரி வச்சிக்கினு கீறீங்க. அழுவுன பழம் ஒன்னு இல்ல, சருகு இல்ல. அப்பறம் வண்டு எங்கருந்து வரும்? எங்க மலைல யாரு கூட்டறது?"

வாரம் ஒருமுறை ஆள் வைத்துப் பெருக்கி, கழிவையெல்லாம் வேலிக்கு அப்பால் கொட்டியது நான்தான். பூச்சி மருந்து அடிக்க மாட்டேன், உயிரைக் கொல்ல மாட்டேன் என்று பெருமை பேசுகிறவள், பூவுக்குப் பூ தூள் சுமக்கும் அந்தச் சின்னக் கருவண்டுக்குக் குடியிருக்கவே இடமில்லாமல் செய்திருக்கிறேன். கொல்லவில்லை. வீட்டைவிட்டுத் துரத்தினேன்.

மலைமரத்துப் பூவிலிருந்து தூள் கிடைக்குமா என்று கேட்டேன். பூவுக்கா பஞ்சம் என்றாள்.

மே 11, ஞாயிறு

மாலை நாலு மணிக்குச் செல்லம்மாவோடு குன்று. பாறை அடுப்புக்கல்லாகச் சுட்டது. ஆடு இருபது முன்னால், நாங்கள் பின்னால். மரம் என்னமோ முழங்கால் உயரத்தில் ஆரம்பித்து ஆள் உயரத்தில் முடிந்துவிடுகிறது, முறுக்கிக்கொண்டு. எரு வைத்தவர் இல்லை, நீர் ஊற்றியவர் இல்லை. பூவைத் தட்டினால் கவரில் மாவு சலித்தாற்போல் தூள் கொட்டியது. எங்கள் ஒட்டு மரத்துத் தூள் கட்டிக் கட்டியாக வரும், பாதிக்கு மேல் பதர். லென்ஸில் பார்த்தால் இது மணி மணியாக இருக்கிறது.

ஒட்டுக்கு மலை உறவா, ஆகுமா என்று யோசனை. இந்த ஒட்டே நாட்டுச் சீத்தாவுக்கும் வேறொரு சீத்தாவுக்கும் பிறந்த பிள்ளைதான். மாமன் வீட்டுச் சம்பந்தம். ஆகணும்.

கல்யாணப் பத்திரிகைக் கவர் மூன்று நிறைய. இறங்கி வரும்போது ஆறு பத்து. இன்றும் பட்டினி என்று நினைத்துக்கொண்டே தோட்டத்து வழியாக வந்தேன். மோட்டார் கொட்டகைப் படியில் டிபன் கேரியர். இரண்டு இட்லி, துவையல். பக்கத்தில் யாரும் இல்லை. சூரியன் பனைமர உயரத்தில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் முடித்தேன்.

இவர் விழுப்புரத்தில், வேலையில். வீட்டில் மீதி இருப்பது மூ. மட்டும்தான். கேட்டால், "கேரியர் கழுவிட்டியா?" என்றார்.

மே 12, திங்கள்

அறுபது பூ. மலைத்தூள். வெள்ளை நூல்.

மே 16, வெள்ளி

சி. நூல் ஒவ்வொன்றாக உதிர்கிறது. தொட்டால் கையோடு வருகிறது. வெ. நூல் இன்றுவரை உதிர்ந்தது ஆறு. ஆறுதான்! இரண்டு தடவை எண்ணினேன்.

மாம்பழக் கொட்டை, தோல், அழுகிய வாழை எல்லாம் வாளியில் சேர்த்து மரத்துக்கு மரம் கொட்டுகிறேன். மூ. மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார். மிக்ஸி ஜாடி பிளேடு கழன்றுவிட்டது, ரிப்பேருக்குக் கொடுக்கணும்.

மே 18, ஞாயிறு

மழை! இரவு முழுக்க. காலை வாசலில் தவளைச் சத்தம். சூலகமுடி காயாது, இன்று கூடுதல் நேரம் கிடைக்கும். ஒன்பது மணிவரை தடவினேன், எல்லாம் நேற்று மாலை எடுத்த மலைத்தூள். சேலை முழுக்கச் சேறு. வெள்ளை நூல் தீர்ந்துபோய் ரவிக்கைக்கு வைத்திருந்த கிரீம் நூலை எடுத்தேன். ரவிக்கை கிடக்கட்டும்.

வாழைத்தோலைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கடுகளவில் கருவண்டு, ஏழெட்டு. வாங்கம்மா வாங்க என்றேன், சத்தமாகவே.

மே 29, வியாழன்

எழுதிவைக்கிறேன், நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

சிவப்பு 60 கட்டியதில் நிற்பது 9. அதிலும் நாலு ஒருபக்கம் சப்பை.
வெள்ளை 60 கட்டியதில் நிற்பது 47. எல்லாம் கோலிக்குண்டு அளவு, பச்சைப் பசேல், உருண்டை.
கிரீம் இன்னும் எண்ணவில்லை. எண்ணாமலே தெரிகிறது.

நாற்பத்தேழு!

இவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். மரத்துக்கு மரம் குனிந்து பார்த்தார். "நம்ம ரெண்டு பேருக்குக்கூட இவ்ளோ பொருத்தம் பாக்கல" என்றார். இந்த மனிதர் பகடி பேசி எத்தனை வருடமாகிறது.

மூ.விடம் நான் போய்ச் சொல்லவில்லை. அவராக வந்து பார்க்கட்டும்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. ஏழு பத்து பஸ். காலைத் தோட்டம் இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும். கடைசிப் பூக்கள் இன்னும் இரண்டு வாரம் வரும், அத்தனையும் கண் முன்னால் உதிரப் போகிறது. வண்டு எவ்வளவு செய்யுமோ செய்யட்டும். பஸ் ஜன்னல் வழியே தோட்டம் போகும்வரை கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

வகுப்பில் முதல் பாடம். பெண் முன்முதிர்வு, எடுத்துக்காட்டு தருக. பிள்ளைகள் விழித்தார்கள். நானே சொன்னேன். மணி அடிக்கும்வரை சொன்னேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று நடந்ததை வரி வரியாக எழுதணும்.

மாலை ஐந்தேகால், பஸ்ஸிலிருந்து இறங்கினால் தோட்டத்து வரப்பில் மூ.வும் ஒரு புது ஆளும். பொக்லைன் டிரைவராம். இடம் பார்க்க வந்திருக்கிறார். ஆடிக்கு ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் என்ன அவசரம்? பையைத் தோளில் மாட்டியபடியே நடந்தேன். என்ன பேசுவது என்று ஒவ்வொரு அடியிலும் ஒரு வாக்கியம் தயார் செய்தேன். நிலம், பாதி, வாக்கு, நியாயம் எல்லாம் வந்தது.

ஒன்றும் தேவைப்படவில்லை. டிரைவர் மூன்றாம் மரத்தடியில் உட்கார்ந்து கிளையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சை அளவுக் காய், ஒரு கிளையில் ஐந்து.

"இதையா சார் புடுங்கணும்?" என்றார். "என் கைல ஆவாது. வேற ஆளைப் பாருங்க."

மூ. மரத்துக்கு மரம் நடந்தார். நாற்பத்தெட்டையும் பார்த்தார். நான் பின்னாலேயே போனேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டு. வாயைத் திறந்திருந்தால் நாற்பத்தேழு என்று கத்தியிருப்பேன். கடைசி மரத்தில் நின்று ஒரு வெள்ளை நூலைத் தொட்டு, இது என்ன என்றார். சொன்னேன். மலை, ஒட்டு, காலை, மாலை, எல்லாம். முழுக்கக் கேட்டார்.

"டிரைவருக்கு டீ போட்டுக் குடும்மா" என்றார்.

அவ்வளவுதான் தீர்ப்பு. சர்க்கரை இரண்டு ஸ்பூன் கூடுதலாகப் போட்டேன். மரம் நிற்கும். நாற்பத்தெட்டும் நிற்கும். நான் ஜெயித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மப்பும் மந்தாரமும். காற்று.

காலை ஆறுக்குத் தோட்டம். உதிர்ந்து கிடக்கும் என்று நினைத்த கடைசிப் பூக்களைப் பார்க்கவே மனமில்லாமல் போனேன். உதிரவில்லை. காம்புக்குக் காம்பு நூல். நான் கட்டாத நூல். முரட்டு நூல், இரட்டை முடிச்சு.

பச்சை.

உலகத்தில் பச்சை நூலால் முடிச்சுப் போடுகிற ஒரே ஆள் மூட்டை தைப்பவர்தான். எண்ணினேன், முப்பத்தொன்று. மோட்டார் கொட்டகையில் ஒரு டப்பா: காது குடையும் பஞ்சுக் குச்சி. முடியே இல்லை, வெறும் பஞ்சு. எனக்கு ஏன் தோன்றவில்லை?

தூளுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். செல்லம்மா மூன்று நாளாகத் தினம் சாயந்திரம் வேலியில் கவர் சொருகிவிட்டுப் போகிறாளாம். பேசி வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள், இரண்டு பேரும்.

"பூ வீணாப் போவுதேன்னுதான்" என்றார். "நீ ஸ்கூலுக்கு ஜல்தியா கெளம்பிடற. நான் சும்மாத்தானே நின்னுக்கினு இருக்கேன்."

எனக்கு அழுகை வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. முடிச்சு இவ்வளவு இறுக்கிப் போடக்கூடாது மாமா, காம்பு வீங்கும் என்றேன். தலையை ஆட்டினார். உட்கார்ந்து முப்பத்தொன்றையும் தளர்த்தினார்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை வெயில், பிற்பகல் மேகம். நோட்டைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று, ரவிக்கைத் துணிக்கு அடியில் கிடந்தது. துணி இன்னும் தைக்கவில்லை.

மூன்றாம் பறிப்பு. செல்லம்மா இப்போது பஸ் ஸ்டாண்டில் இரண்டு கூடை வைக்கிறாள். ஒன்றில் மலைப்பழம், ஒன்றில் ஒட்டு. கேட்பவர்களிடம் "ரெண்டும் சொந்தக்காரங்க" என்கிறாளாம். வல்லம் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து தூரிகை என்ன நம்பர் என்று விசாரித்தார்கள். நம்பரே இல்லை, ஃபேன்சி ஸ்டோர் என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் "டீச்சர் வைத்த மரம்" என்று இன்றும் பேசினார்கள். தொனி மாறியிருக்கிறது.

வீட்டுக்கென்று பழுக்கவைத்தவற்றைத் தராசில் வைத்தேன்.

வெள்ளை, பெரியது: 565 கிராம்.
கிரீம், பெரியது: 580.
பச்சை, பெரியது: 640.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். 640தான். மூ. கட்டியது. இந்த நோட்டை அவர் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். எல்லாப் பழத்திலிருந்தும் நூலை அறுத்துத் தூரப் போட்டுவிட்டுத்தான் கூடையைக் கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

ஐந்தரை மணிக்கெல்லாம் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. மூ. கூடைக்குள் கையை விட்டார். நேராக அந்தப் பழத்தையே எடுத்தார். இது யார் கட்டியது என்று கேட்டார். ஞாபகம் இல்லை மாமா என்றேன்.

காம்பைத் திருப்பினார். கண்ணாடியைத் தூக்கிவிட்டார். அணில் முடியைப் படித்த அதே கண்.

"இதோ பச்சையா ஒரு நார் ஒட்டிக்கினு கீதே" என்றார்.

இவர் சிரித்த சிரிப்பில் தண்ணீர்ச் செம்பு சாய்ந்தது. சூரியன் இறங்க இன்னும் நேரம் இருந்தது. பழத்தைப் பிட்டேன், பெரிய பாதியை அவரிடம் கொடுத்தேன்.